பின்லாந்தின் இடைக்கத்தி

காட்டையும் ஏரியையும் நம்பி வாழ்ந்து பழகிய பின்லாந்து மக்கள், மரத்தைச் செதுக்கவும், மீனைக் கீறவும், வேட்டையில் கிடைத்ததை உரிக்கவும், ரொட்டியை அரியவும் இடுப்பிலே தொங்கவிட்டுக்கொள்ளும் சிறு கத்திக்குப் பூக்கோ என்று பெயர். அலகு பெரும்பாலும் 10 சென்டிமீட்டர் அளவில் நின்றுவிடும். விரல் முன்னே நழுவாமல் தடுக்கும் குறுக்குப் பட்டை சம்பிரதாயமான கத்திகளில் இராது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், தெற்கு ஆஸ்ட்ரோபோத்னியா பிரதேசத்துக் கலகக்காரர்களின் கையில் அகப்பட்டு அது அபகீர்த்தி அடைந்ததும் உண்மையே. ஆயினும் அதே பிரதேசத்துக் கௌஹவா என்னும் ஊர்தான், ஈசாக்கி யார்வென்பா 1879-ஆம் ஆண்டில் தொடங்கிய தொழிலால், அலங்காரக் கத்திகளுக்குப் பெயர் பெற்றது.

கொல்லரின் வித்தை முழுவதும் நெருப்பின் நிறத்தை அறிவதில் இருக்கிறது. பட்டறையில் வெளிச்சம் மங்கலாக இருப்பதையே அவர் விரும்புவார். உலையில் பழுத்த எஃகு, காந்தம் ஒட்டாத பதத்தைக் கடந்து செந்நிறம் கொண்டதும், அதை எடுத்து எண்ணெயில் தோய்க்கிறார். அப்போது அலகு மிகக் கடினமாகிவிடுகிறது. ஆனால் கீழே விழுந்தால் ஒடிந்துபோகும். ஆகையால் மேற்பரப்பைப் பளபளப்பாகத் தேய்த்து, சுமார் 200 டிகிரி வெப்பத்தில் மறுபடியும் மெதுவாகக் காய்ச்சி, வைக்கோல் நிறம் படர்ந்தவுடன் நிறுத்திவிடுகிறார். நீலம் ஏறும்வரை விட்டுவிட்டால் கூர் நிற்காது. இவ்வாறு எஃகைப் பதப்படுத்துவதில் நிதானம் தவறினால், பின்னால் செய்கிற அலங்காரமெல்லாம் வியர்த்தம்.

பிடிக்கு வருவோம். சுருள் ரேகை ஓடும் பூர்ச்ச மரக் கட்டையில் கடைந்து இழைத்த பிடிகள் அழகியவை. எனினும் அந்த மரத்தின் பட்டையால் செய்த பிடியே எனக்கு அதிசயமாகத் தோன்றுகிறது. கோடையின் தொடக்கத்தில், மரத்தில் சாறு ஏறியிருக்கையில், உள்பட்டைக்குச் சேதமின்றி வெளிப்பட்டையை மட்டும் உரித்து, சிறு சதுரத் துண்டுகளாக நறுக்கி, நடுவே துளையிட்டு, அலகின் காம்பிலே ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்து நெருக்கி அழுத்துகிறார்கள். காம்பின் நுனியைப் பித்தளைத் தகட்டின்மேல் தட்டித் தலை பரப்பி இறுக்கிய பிறகு, உள்ளங்கைக்குப் பொருந்தும்படி அராவித் தேய்த்தால், பழுப்பும் பொன்னிறமும் மாறி மாறி வரும் மெல்லிய வரிகள் வெளிப்படுகின்றன. யாரும் தீட்டாத சித்திரம் அது. கடுங்குளிரிலும் அப்பிடி கையைச் சில்லிட வைப்பதில்லை. மீன் கழுவிய ஈரத்திலும் வழுக்குவதில்லை.

தோலை நனைத்து, கத்தியின் வடிவத்திற்கே இழுத்து, பின்புறம் தைத்து உறை செய்கிறார்கள். அலகு தோலைக் கிழித்துவிடாதபடி உள்ளே மரத்தாலான ஓர் அச்சும் வைப்பதுண்டு. பிடியின் பெரும்பகுதி அவ்வுறைக்குள் இறங்கிவிடுவதால் வெளியே தெரிவது நுனி மாத்திரமே. உருவும்போது விரல்கள் பற்றுவதும் அந்த நுனியைத்தான். கௌஹவாவின் புகழ்பெற்ற உலோகக் குதிரைத் தலை அங்கேதான் வீற்றிருக்கிறது. கண்ணுக்கு விருந்தாவதோடு கைக்குப் பிடிமானமும் ஆகிறது.

உபயோகத்தோடு ஒட்டிப் பிறந்த இத்தகைய அலங்காரமே நீடித்து நிற்கும் என்பது என் திடமான அபிப்பிராயம். அலகு நிறையச் சித்திரம் செதுக்கி, பிடியெங்கும் கூரான பூவேலை நிரப்பிய கத்திகள் கண்ணாடிப் பெட்டிக்குத்தான் உகந்தவை. அரை நாழிகை மரம் செதுக்கினால் உள்ளங்கை கன்றிப்போகும். தமக்கென்று ஒரு கத்தி செய்வித்துக்கொள்ள விரும்பும் வாசகர்கள், கைத்திறமுள்ள கொல்லரிடம் முதலில் தம் கையின் அளவையும் தாம் செய்யும் வேலையையும் விவரமாகச் சொல்லட்டும். பூவேலையைப் பற்றிப் பிறகு பேசலாம். எஃகு துருப்பிடிக்கும் ஜாதியாதலால், வேலை முடிந்ததும் ஈரம் போகத் துடைத்து, எண்ணெய் தடவி வைப்பது அவசியம்.