கரை கசியட்டும், கலங்க வேண்டாம்

நாகரசம்பட்டி, பாரூர், போச்சம்பள்ளிப் பக்கத்து ஏரிகளுக்கெல்லாம் மண்கரைதான். பாரூர் பெரிய ஏரிக்காவது கிருஷ்ணகிரி அணைத் தண்ணீர் வந்து சேரும்; சின்ன ஏரி, குட்டைகளுக்கு வானம்தான் கதி. அந்த வானம் 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலின்போது, பக்கத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. அப்படி ஏரி நிரம்பி நிற்கும் நாளில், கேட்பாரற்றுக் கிடந்த கரையின் வெளிப்பக்க அடியில் தண்ணீர் ஊறி வந்தால் என்ன செய்வோம்? களிமண்ணைக் கொண்டுவந்து அப்பி அடைப்போம். பெரும்பாலும் அதுதான் தப்பு.

கசியாத மண்கரை கிடையாது. வருவது தெளிந்த நீரா, கலங்கிய நீரா என்பதே கேள்வி. தெளிந்து வந்தால் மண் இருந்த இடத்தில் இருக்கிறது. கலங்கி வந்தால் கரையே கரைந்து வருகிறது.

நீரைத் தள்ளும் விசை இரண்டைப் பொறுத்தது: ஏரியின் நீர்மட்டம் கசியும் இடத்தைவிட எவ்வளவு உயரம், கரைக்குள் நீர் கடக்கும் தூரம் எவ்வளவு. 3 மீட்டர் உயரம், 15 மீட்டர் தூரம் என்றால் விகிதம் 0.2, கவலையில்லை. 1-ஐ நெருங்கினால், மேல்நோக்கி ஊறும் நீர் மண்துகளையே மிதக்க வைத்துவிடும். வெளிவாயில் ஒரு பிடி மண் போனால் அந்த அளவுக்குத் தூரம் குறைகிறது. தூரம் குறைந்தால் வேகம் கூடுகிறது. இன்னும் மண் போகிறது. இப்படி வெளியிலிருந்து ஏரியை நோக்கிப் பின்னோக்கியே ஒரு குழாய் வளரும். அமெரிக்காவின் டீட்டன் அணையில் 1976 ஜூன் 5 காலையில் கலங்கல் நீரைப் பார்த்தார்கள். நண்பகலுக்குள் அணை உடைந்தது. 11 பேர் இறந்தார்கள்.

எலியும் நண்டும் இந்தத் தூரத்தை இலவசமாகக் குறைத்துத் தருகின்றன. மரமும்தான். கரைமேல் வளர்ந்த பெரிய வேலமரத்தை வெட்டிவிட்டு வேரை அப்படியே விட்டால், சில வருடத்தில் வேர் மக்கி, அதன் தடம் பொந்தாகிவிடும். தூர் வாருவதிலும் ஓர் ஆபத்து உண்டு. உள்பக்கக் கரையோரம் படிந்த வண்டல், கசிவைத் தடுக்கும் இயற்கைப் பூச்சு. பொக்லைன் அதையும் சுரண்டிவிடுகிறது. 2017-இல் தமிழக அரசு குடிமராமத்தை மீண்டும் தொடங்கியபின் தூர் வாரும் படங்கள் நிறையப் பார்த்தோம். எலிவளை தேடுவதை யார் படமெடுப்பார்கள்!

வெளிப்பக்கத்தை அடைத்தால் நீர் கரைக்குள்ளேயே தேங்கும். ஊறிப்போன சரிவு சரியும், அல்லது நீர் வேறிடத்தில் பீறிடும். எனவே நீரை விட்டுவிட்டு மண்ணை மட்டும் பிடிக்க வேண்டும். கசியும் வாயின்மேல் முதலில் மணல், அதன்மேல் பொடிஜல்லி, அதற்கும் மேல் பெரியஜல்லி. ஒவ்வொரு அடுக்கும் கீழடுக்கின் துகளைத் தப்பவிடாத அளவு நெருக்கமாக இருக்க வேண்டும். இதற்கான கணக்கைத் தந்தவர் மண் பொறியியல் அறிஞர் கார்ல் டெர்சாகி. கல் குவாரி நிறைந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஜல்லிக்கா பஞ்சம்? கலங்கல் பீறிட்டால், சுற்றிலும் மணல் மூட்டைகளை வட்டமாக அடுக்கி உள்ளே நீரைக் கொஞ்சம் உயரவிடலாம். உயர வித்தியாசம் குறையக் குறைய வேகமும் தணியும்.

அடைக்கும் வேலை உள்பக்கத்தில், கோடையில் ஏரி வற்றியபின். வளையை முடிவுவரை தோண்டித் திறந்து, களிமண்ணை ஒரு சாணுக்கும் குறைவான அடுக்குகளாகப் போட்டு இடிக்க வேண்டும். காய்ந்த மண் இறுகாது, சேறும் இறுகாது. கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலில் ஒட்டக்கூடாது. அந்த ஈரம்தான் சரி.