மீட்புப் பணியாளரின் மனக்காயம்

தீயோ வெள்ளமோ விபத்தோ நேரும்போது பிறர் உயிரைக் காக்க விரைந்து செல்வோர் பயிற்சியும் துணிவும் உடையவர்கள். ஆயினும் அவர்கள் கண்ட காட்சிகள் பணி முடிந்தவுடன் அவர்களை விட்டு நீங்கிவிடுவதில்லை. இவர்களுடைய மன நலத்தைப் பேணுவதும் மீட்புப் பணியின் ஓர் அங்கமே ஆகும்.

2023-ஆம் ஆண்டு ஜூன் 2-ஆம் தேதி மாலை, ஒடிசா மாநிலத்தில் பாலசோருக்கு அருகிலுள்ள பாஹாநாகாவில் சென்னை நோக்கி வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் விபத்துக்குள்ளாகியது. 290 பேருக்கு மேல் மாண்டனர். உதவிக்கு முதலில் ஓடிவந்தோர் அவ்வூர் மக்களே. தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 9 குழுக்கள் 44 பேரை மீட்டு, 121 சடலங்களை வெளிக்கொணர்ந்தன. சில நாட்களுக்குப் பின், அப்படையின் அப்போதைய தலைமை இயக்குநர் அதுல் கர்வால் தம் வீரர்களின் நிலையைப் பகிரங்கமாக எடுத்துரைத்தார். ஒருவருக்குத் தண்ணீரைக் காணும்போதெல்லாம் அது இரத்தமாகத் தோன்றியது. மற்றொருவருக்குப் பசியே எடுக்கவில்லை.

இது கோழைத்தனமன்று. ஆபத்துக் காலத்தில் அட்ரினலின் முதலிய ஹார்மோன்கள் மிகுதியாகச் சுரக்கின்றன. அப்போது காண்பவை நினைவில் ஆழப் பதிகின்றன. பின்னர் ஒரு நிறமோ நாற்றமோ ஓசையோ அந்நினைவை எழுப்பிவிடுகிறது. பெரும்பாலோருக்கு இத்துன்பம் சில வாரங்களில் தானே தணியும். ஒரு மாதத்திற்கு மேலும் கொடுங்கனவு, உறக்கமின்மை, எதற்கும் திடுக்கிடுதல் ஆகியவை நீடித்து, வேலையும் குடும்ப வாழ்வும் கெடுமாயின், சிகிச்சை அவசியம்.

சம்பவம் முடிந்தவுடன் அனைவரையும் கூட்டி, நடந்ததை ஒரே அமர்வில் விவரிக்கச் செய்யும் முறை 1980-களில் பரவியது. 2002-இல் வெளியான ஆராய்ச்சித் தொகுப்பொன்று, இம்முறை பிற்கால மனநோயைத் தடுப்பதாகத் தெரியவில்லை என்றும், சிலருக்குத் தீங்கும் விளைவிக்கக்கூடும் என்றும் காட்டியது. ஆகவே எவரையும் வற்புறுத்திப் பேசவைத்தல் கூடாது. தாமாகப் பேச விரும்புவோருக்குச் செவிசாய்க்க வேண்டும்.

மேற்பார்வையாளர் செய்யத்தக்கவை எளியவையே. திரும்பி வந்தோருக்கு உணவும் உறக்கமும் கிடைக்கச் செய்க. அடுத்தடுத்துக் கொடிய பணிகளுக்கு ஒருவரையே அனுப்பாதீர். சில நாட்கள் கழித்துத் தனிமையில் நலம் விசாரியுங்கள். மதுவை நாடுதல், ஒதுங்கியிருத்தல், காரணமற்ற சினம் ஆகியவற்றைக் கவனியுங்கள். உதவி கோரியவருக்கு அதனால் பதவியிலோ மதிப்பிலோ குறைவு நேராது என்பதை உறுதியாகச் சொல்லுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கப்பெற்ற ‘டெலி மானஸ்’ சேவையின் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாக ஆலோசனை பெறலாம்.

ஆசிரியர்களுக்கும் இதில் பங்குண்டு. பாஹாநாகா உயர்நிலைப் பள்ளியில் சடலங்கள் வைக்கப்பட்டன. அதன்பின் மாணவர்கள் அங்கு வர அஞ்சியதால், அக்கட்டிடம் அதே மாதத்தில் இடிக்கப்பட்டது. பேரிடரில் பள்ளியே புகலிடமாகிறது. ஆசிரியரும் ஊர் இளைஞரும் சீருடையற்ற மீட்புப் பணியாளர் ஆகின்றனர். படைவீரருக்குப் பின்னால் ஒரு படை உண்டு. இவர்களுக்கு அத்தகைய துணை இல்லை. எனவே, பேரிடர் கழிந்து ஒரு மாதம் வரையிலேனும் இவர்களையும் நாடிச் சென்று நலம் விசாரிப்பது களப் பணியாளரின் கடமையாகும்.