'கேஷ்': ஒரே ஒலி, இரண்டு சொற்கள்

ஆங்கிலத்தில் 'கேஷ்' என்ற எழுத்துக்கூட்டலில் வேர் வேறான இரண்டு பெயர்ச்சொற்கள் உள்ளன. இரண்டும் பணத்தைக் குறிப்பதால், இரண்டுமே தமிழ்க் 'காசு'விலிருந்து போனவை என்று எண்ணுவோர் பலர். அவற்றில் ஒன்றுதான் தமிழிலிருந்து போனது.

ரொக்கத்தைக் குறிக்கும் 'கேஷ்' லத்தீன் வழி வந்தது. லத்தீனில் 'காப்ஸா' என்றால் பெட்டி. அதுவே இத்தாலியில் 'காஸ்ஸா', பிரெஞ்சில் 'கேஸ்' ஆனது. 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்தபோது பணப்பெட்டியைக் குறித்தது. பிறகு பெட்டிக்குள் இருந்த பணத்துக்கே பெயராகிவிட்டது. கண்ணாடி வைக்கும் 'கேஸ்', மருந்து 'கேப்ஸ்யூல்', பணம் வாங்கும் 'கேஷியர்' எல்லாம் இந்த வேரிலிருந்து வந்தவையே. படை அதிகாரியை அவமானப்படுத்திப் பதவி நீக்குவதைச் சொல்லும் 'கேஷியர்' என்ற வினைச்சொல் மட்டும் வேறு. அதற்கும் பெட்டிக்கும் தொடர்பில்லை.

இரண்டாவது 'கேஷ்' ஆசியாவின் சிறு நாணயம். இதுதான் நம் காசு. தமிழகக் கரைக்கு வந்த போர்ச்சுக்கீசியர் காசைத் தங்கள் மொழியில் 'காய்ஷா' என்றனர். அவர்கள் மொழியில் பெட்டிக்கும் அதே பெயர்தான், அதுவும் 'காப்ஸா'விலிருந்து வந்ததே. ஆக, ஆங்கிலத்துக்குப் போகும் முன்பே இரண்டு சொற்களும் போர்ச்சுக்கீசியரின் நாவில் ஒன்றாகிவிட்டன. நடுவில் சதுரத் துளையிட்டு, கயிற்றில் கோத்துவைக்கும் சீனச் செப்பு நாணயத்துக்கும் ஐரோப்பியர் இதே பெயரைச் சூட்டினர். சீனர்கள் அதை 'சியென்' என்றே வழங்கினர்.

சோழர் கல்வெட்டுகளில் பொன் நாணயமாகவும் வரும் காசு, கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துச் சென்னையில் மிகச் சிறிய செப்பு நாணயம். 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். இங்கிலாந்தின் பர்மிங்காமில் அச்சிட்டுச் சென்னைக்கு அனுப்பிய 1808-ஆம் ஆண்டு நாணயத்தின் ஒரு பக்கத்தில் பாரசீக எழுத்தில் 'காஸ்' என்றும், அதன் கீழே ஆங்கில எழுத்தில் 'கேஷ்' என்றும் இருக்கும். சொல்லின் பயணத்துக்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. இந்த நாணயங்களை டன் கணக்கில் ஏற்றிவந்த 'அட்மிரல் கார்டனர்' கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையருகே குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. பின்னாளில் மீட்கப்பட்ட அதன் காசுகள் இன்று நாணயச் சேகரிப்பாளர்களிடம் உள்ளன.

சென்னை மாகாணம் 1818-இல் ரூபாய்க் கணக்குக்கு மாறியது. திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய் என்ற கணக்கு 1949 வரை நீடித்தது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டமும் அந்தச் சமஸ்தானத்தில்தான் இருந்தது.