பின்பக்க ஷாக்கை வீட்டிலேயே மாற்றலாம்

வேகத்தடையைத் தாண்டிய பிறகும் காரின் பின்பக்கம் இரண்டு மூன்று முறை ஏறி இறங்கினால், ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்பார் மெக்கானிக். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். ஆனால் புது ஷாக் போட்டால் தொங்கிப்போன வண்டி நிமிர்ந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எடையைத் தாங்குவது ஸ்பிரிங். குழியில் விழும் அடியை வாங்குவதும் அதுதான். வாங்கியதை அது திருப்பித் தந்து ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதே ஷாக்கின் வேலை.

உள்ளே பெரிய மர்மம் ஒன்றுமில்லை. எண்ணெய் நிரப்பிய குழாய்க்குள் ஒரு பிஸ்டன். அதில் சிறு துளைகளும் வால்வுகளும். துளை வழியே எண்ணெய் முட்டி மோதிப் போகும்போது ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. கரடுமுரடான சாலையில் ஓடி வந்த வண்டியின் ஷாக் சூடாக இருப்பது இதனால்தான். பொதுவாக, சுருங்கும்போது இளக்கமாகவும் நீளும்போது இறுக்கமாகவும் இருக்கும்படி வால்வை அமைப்பார்கள். அடியை ஸ்பிரிங் வாங்கட்டும், அது துள்ளி எழும்போது பிடித்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. எண்ணெய் நுரைத்தால் பிடி போய்விடும் என்பதால் பல ஷாக்குகளில் நைட்ரஜன் வாயுவையும் அடைத்திருப்பார்கள்.

குழாயின் மேல் மெல்லிய ஈரப்படலம் இருந்தால் கவலையில்லை. எண்ணெய் வழிந்து புழுதி அப்பியிருந்தால் சீல் தேய்ந்துவிட்டது. டயரைக் கையால் தடவிப் பாருங்கள். ஆங்காங்கே குழிகுழியாகத் தேய்ந்திருந்தால், சக்கரம் தரையில் படியாமல் துள்ளிக்கொண்டு ஓடியிருக்கக்கூடும். தரையை விட்ட டயருக்கு வளைவிலும் பிடிப்பில்லை, பிரேக்கிலும் பிடிப்பில்லை.

மாருதி ஸ்விஃப்ட் போன்ற கார்களில் பின்பக்க ஸ்பிரிங்கும் ஷாக்கும் தனித்தனி. அதனால் வேலை எளிது. இரண்டும் ஒன்றாகக் கோத்த வகையென்றால் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி வேண்டும். அதை ஒர்க் ஷாப்பில் விடுவதே நல்லது.

முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் புகக்கூடாது. துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு முந்தின இரவே எண்ணெய் விட்டு வையுங்கள். மேல் நட்டு சில கார்களில் டிக்கிக்குள் மூடியின் பின்னால் ஒளிந்திருக்கும். கீழ் போல்ட்டைக் கழற்றுமுன் அச்சுக்கு அடியில் இன்னொரு ஜாக்கி கொடுப்பது முக்கியம். அச்சு அளவுக்கு மீறிக் கீழிறங்காமல் பிடித்திருப்பது பெரும்பாலும் ஷாக்தான். அது கழன்றால் ஸ்பிரிங் நழுவலாம், பிரேக் ஹோஸும் இழுபடும். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போங்கள். ஆனால் இரண்டையும் மாற்றியே ஆக வேண்டும்.

புது ஷாக்கை மாட்டுமுன் நிமிர்த்திப் பிடித்துச் சில முறை முழுதாக அமுக்கி இழுங்கள். படுத்துக் கிடந்தபோது புகுந்த காற்று வெளியேறும். பளபளக்கும் தண்டை பிளையரால் பிடிக்கவே கூடாது. ஒரு கீறல் போதும், சீலைக் கிழித்துவிடும்.

பலர் கோட்டை விடுவது கடைசி இறுக்கத்தில். சக்கரம் தொங்கும்போதே கீழ் போல்ட்டை முழுதாக முடுக்கினால், வண்டி தரையிறங்கியதும் ரப்பர் புஷ் முறுக்கிய நிலையிலேயே நின்று சீக்கிரம் கிழிந்துபோகும். வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகு, கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடுக்குங்கள்.

கடினமான ஷாக் போட்டால் வண்டி இன்னும் நன்றாக வளையும் என்று கடைக்காரர் ஆசை காட்டுவார். வழவழப்பான சாலையில் அது உண்மைதான். குண்டும் குழியுமான சாலையில் சக்கரம் துள்ளத் தொடங்கி, இருக்கும் பிடிப்பும் போகும். கம்பெனி அளவிலேயே வாங்கி, டயர் காற்றையும் சரிபார்த்தால் தினசரி ஓட்டத்துக்கு அதுவே தாராளம்.