தோட்டப் பதிவேடுகளில் நம் முன்னோர் பெயர்கள்

குடும்ப வரலாற்றைத் தேடுவோர்க்கு முதற்சான்று பெயரே. இங்கிலாந்தின் ஊர்த் தேவாலயங்கள் 1538ஆம் ஆண்டில் பிறந்த ஆணைப்படி ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதியத் தொடங்கின. அங்கே குடும்பப்பெயர் தலைமுறைதோறும் தொடர்வதால், அதனைப் பற்றிக்கொண்டு நெடுந்தொலைவு பின்னோக்கிச் செல்லலாம். ஜொகூர்த் தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோரைத் தேடுவோர்க்கு அவ்வழி இல்லை.

நம் வழக்கில் தந்தை பெயரே பிள்ளைக்கு அடையாளம். முனியாண்டியின் மகன் கருப்பையா. கருப்பையாவின் மகன் பழனி. பழனியின் சான்றிதழில் முனியாண்டிக்கு இடமில்லை. 'அனாக் லெலாக்கி', 'அனாக் பெரம்புவான்' என்னும் மலாய்த் தொடர்களின் சுருக்கம் ஒரு தலைமுறையை மட்டுமே இணைக்கும். ஆயினும் நம் பெண்கள் மணத்திற்குப் பின்னும் பதிவில் தந்தை பெயரையே கொண்டிருப்பதால், தாயின் அடையாள ஆவணம் தாய்வழிப் பாட்டனாரைக் காட்டிவிடும். இதனைப் பலர் பயன்கொள்வதில்லை.

அடுத்த இடர் எழுத்து. கிராணி தம் செவிக்குப் பட்டவாறு ரோமன் எழுத்தில் பெயரைப் பதிந்தார். அதில் லகர ளகர வேறுபாடு இல்லை. வள்ளியும் வல்லியும் ஒன்றாகிவிடும். பழனியின் ழகரமும் பெரும்பாலும் அவ்வெழுத்திலேயே அடங்கும். உடன்பிறந்தாரின் சான்றிதழ்களிலேயே தந்தை பெயர் வெவ்வேறாக நிற்பதுண்டு. எனினும் இவ்வெழுத்துகள் பேச்சுத்தமிழின் சான்றுகளுமாகும். இலக்குமி 'லெட்சுமி'யாகப் பதிவானது மக்கள் அவ்வாறு ஒலித்தமையாலேயே. ஆகவே பதிவிலுள்ள பெயரை வாய்விட்டுப் படித்துத் தமிழில் எழுதிய பின்னரே பிற ஆவணங்களோடு ஒப்பிடல் வேண்டும்.

எஞ்சுவது ஊர். தொழிலாளரை உதவி அளித்துக் குடியேற்றுவதை இந்திய அரசு 1938இல் தடைசெய்யும் வரை, கங்காணிகள் பெரும்பாலும் தத்தம் ஊரிலும் அண்டை ஊர்களிலும் ஆள்சேர்த்தனர். பாட்டனாரின் ஊர் தெரியாவிடினும், அவரை அழைத்துவந்த கங்காணியின் ஊர் தெரிந்தால் தேடும் எல்லை சுருங்கும். அதனை எந்தச் சான்றிதழும் சொல்லாது. முதியோர் நினைவே சொல்லும். தோட்டங்கள் பல வீடமைப்பு நிலங்களாகிவிட்டன. லயத்தில் வாழ்ந்தோர் குளுவாங், கூலாய் முதலிய நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டனர். அவர்தம் நினைவும் நெடுநாள் நில்லாது.

ஆதலின் ஒவ்வொரு குடும்பத்திலும் ஓர் ஏடு வேண்டும். அதில் பதிவிலுள்ள பெயர், அதன் தமிழ் வடிவம், வீட்டில் அழைத்த பெயர், தோட்டம், கங்காணியின் ஊர் என ஐந்தினை நிரல்படுத்துவோம். வீட்டுப் பெரியோரிடம் கேட்டு இவ்வாண்டிலேயே எழுதத் தொடங்குவோம்.