வெட்டவெளிக்கு எதிரொலி இல்லை: தூரத்தின் ஒலி பற்றிச் சில குறிப்புகள்

வெட்டவெளிக்கு எதிரொலி கிடையாது. மாரண்டஹள்ளியிலிருந்து பஞ்சப்பள்ளி அணைக்குப் போகிற பக்கம், அறுவடை முடிந்த ஒரு ராகிக் கொல்லையின் நடுவே நின்று யாரையாவது உரக்கக் கூப்பிட்டுப் பார்க்கலாம். குரல் போகும், போனது போனதுதான். அது திரும்பி வர ஒரு சுவர் வேண்டும், பாறை வேண்டும், மலை வேண்டும். பள்ளிக்கூடத்துப் பௌதிகம்தான் இது. ஆனாலும் நமது சினிமாவும் வானொலி நாடகமும் ஒலிநாடாவும் வெட்டவெளியைச் சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் எதிரொலியைத்தான் சொல்லி வந்திருக்கின்றன. வரப்பில் நின்று கதாநாயகி ஒரு பெயரைக் கூப்பிட்டால் அது மூன்று முறை திரும்பி வருகிறது. வயலில் ஏது சுவர்? இல்லாத சுவரை நம் காதுக்குள் கட்டி எழுப்பியது எது, அதனால் யாருக்கு என்ன என்பதைக் கொஞ்சம் யோசிக்கலாம் என்று தோன்றுகிறது.

முதலில், தூரம் என்பதைக் காது எப்படித் தெரிந்துகொள்கிறது? சத்தம் குறைவதால் என்று உடனே சொல்லிவிடுவோம். அது பாதிதான் சரி. திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும்போது ஒலி ஆறு டெசிபெல் குறையும் என்பது கணக்கு. ஆனால் பக்கத்தில் ஒருவர் கிசுகிசுப்பதும் தூரத்தில் ஒருவர் கத்துவதும் ஒரே அளவில் காதில் விழுந்தாலும் நாம் குழம்புவதில்லை. கத்துகிற தொண்டையின் இறுக்கம் காதுக்குத் தெரியும். அடுத்தது, காற்று ஒலியின் மேல்பகுதியை, அதாவது கூர்மையான அதிர்வுகளை, அதிகமாகத் தின்றுவிடுகிறது. பக்கத்தில் விழும் இடி கிழிகிறது. தூரத்து இடி உருளுகிறது. கல்யாண ஊர்வலத்தில் நாலு தெரு தள்ளி முதலில் காதுக்கு வருவது தவில்தான், ஜால்ரா இல்லை. மூன்றாவது, ஒலி நேராக வருகிற பங்குக்கும் சுற்றி மோதி வருகிற பங்குக்கும் உள்ள விகிதம். அறைக்குள் ஒருவர் விலகிப் போகப்போக நேரொலி குறைந்து சுற்றொலி மிஞ்சும். இந்த மூன்றாவது விதி அறைக்குத்தான் முழுதாகப் பொருந்தும். கொல்லைக்குப் பொருந்தாது. ஒலித் தொழில்நுட்பம் பிடித்துக்கொண்டதோ இந்த மூன்றாவதைத்தான்.

அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. அறையின் முழக்கத்தை அளக்கும் அறிவியல், 1895 வாக்கில் ஹார்வர்டில் பேச்சு புரியாத ஒரு விரிவுரைக் கூடத்தைச் சரிசெய்யப் போன வாலஸ் சாபைனிடம் தொடங்குகிறது. அவர் கணக்குப்படி எழுந்த பாஸ்டன் இசையரங்கம் திறக்கப்பட்டது 1900இல். பிறகு அந்த முழக்கத்தைத் தனியே உற்பத்தி செய்யும் ஆசை வந்தது. 1947இல் சிகாகோவில் பில் புட்னம் ஒலிப்பதிவுக் கூடத்துக் கழிப்பறைக்குள் ஒரு ஸ்பீக்கரையும் மைக்கையும் வைத்து, அங்கே எழுந்த முழக்கத்தைப் பாட்டோடு கலந்தார். 1957இல் ஜெர்மானிய இ.எம்.டி. நிறுவனம் ஆளுயர இரும்புத் தகட்டைச் சட்டத்தில் தொங்கவிட்டு அதை அதிர வைத்து முழக்கம் தயாரித்தது. ஐம்பதுகளிலேயே நாடா எதிரொலிப் பெட்டி, பிறகு டிஜிட்டல், இன்றைக்கு எந்தச் செல்பேசியிலும் ஒரு பொத்தான். இந்த வரிசையைக் கவனித்தால் ஒன்று புரியும். கழிப்பறை, இரும்புத் தகடு, தேவாலயம், இசையரங்கம் எல்லாமே மூடிய இடங்கள். 'விசாலம்' என்று நாம் வாங்கியது மூடிய இடத்தின் விசாலத்தை. இதைத்தான் நாம் கிராமத்துக்கு எடுத்துக்கொண்டு போனோம்.

1977இல் 'பதினாறு வயதினிலே' வந்தபோது தமிழ் சினிமா ஸ்டுடியோவை விட்டுக் கிராமத்துக்குப் போய்விட்டது என்று எழுதினார்கள். போனது காமிரா. காது போகவில்லை. கொள்ளேகால் பக்கம் எடுத்த படம். குரல்கள் அன்றைய வழக்கப்படி சென்னையில் கூடத்துக்குள் பின்னால் சேர்க்கப்பட்டவை. இது ஒரு படத்தின் குறை அல்ல. வெளிப்புறப் படப்பிடிப்புக்குத் தூக்கிக்கொண்டு போன காமிராக்கள் தையல் மெஷின் மாதிரி இரைந்தன, அந்த இரைச்சலில் நேரடி ஒலிப்பதிவு நடக்கிற காரியமில்லை. ஆக, பஞ்சு வைத்து அடைத்த அறைக்குள் ஒருவர் திரையைப் பார்த்துப் பேசுகிறார். அந்தக் குரலுக்கு இடம் கிடையாது. அதற்கு ஓர் இடத்தை உண்டாக்க வேண்டும். கூடத்தில் என்ன இருக்கிறது? எக்கோ இருக்கிறது, சேமித்து வைத்த குயில் இருக்கிறது, ஒரு புல்லாங்குழல் இருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்து இரண்டு தலைமுறைக்குக் 'கிராமம்' என்ற குறியாகிவிட்டன. சொந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்களுக்குங்கூட நினைவில் ஒலிக்கிற ஊர் இந்தக் கூடத்து ஊர்தான். நேரடி ஒலிப்பதிவு 2001இல் 'லகான்' வந்த பிறகே இந்தி வணிக சினிமாவில் மரியாதை பெற்றது. தமிழில் இன்றும் அது விதிவிலக்குதான்.

எக்கோ எல்லா இடத்திலும் பொய் என்று சொல்ல வரவில்லை. ரித்விக் கட்டக்கின் 'மேகே டாக்கா தாரா' (1960) முடிகிற இடத்தில் நீத்தாவின் வாழ வேண்டும் என்கிற கூவல் மலைகளைச் சுற்றி வருகிறது. அங்கே மலை இருக்கிறது, எதிரொலி நியாயம். ஆனால் கட்டக் அதை விசாலத்தின் அழகுக்காக வைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. அவ்வளவு பெரிய மலை, பதிலாக அவளுக்கு அவள் குரலையே திருப்பித் தருகிறது. வேறு யாரும் பதில் சொல்லவில்லை. எதிரொலி என்பது தனிமையின் ஒலி என்று அந்தக் காட்சி புரிந்துவைத்திருக்கிறது. நமது வரப்புக் காட்சிகள் அதைச் சந்தோஷத்தின் ஒலியாக மாற்றிவிட்டன.

இனி மைக்செட் விஷயம். எங்கள் பக்கத்து மைக்செட்காரர் ஒருவரிடம், கட்சிக் கூட்டத்துக்கு எதற்குங்க எக்கோ, பேச்சே புரியமாட்டேங்குதே என்று கேட்டேன். "எக்கோ இல்லைன்னா மீட்டிங் மாதிரியே இருக்காதுங்க, வீட்ல ஒக்காந்து பேசற மாதிரி இருக்கும்" என்றார். இதைவிடத் துல்லியமான விளக்கத்தை நான் எந்தக் கோட்பாட்டுப் புத்தகத்திலும் படித்ததில்லை. இதற்குப் பின்னாலும் ஒரு பௌதிகம் இருக்கிறது. ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். முன்பெல்லாம் கூட்டம் என்றால் மேடையில் ஒரு கொழா, கடைத்தெருவில் ஒரு கொழா, புளியமரத்தில் ஒரு கொழா என்று கட்டுவார்கள். கம்பி வழியாக மின்சாரம் எல்லாக் கொழாவுக்கும் ஒரே நொடியில் போய்விடும். ஆனால் அங்கிருந்து நம் காதுக்கு ஒலி நடந்து வர வேண்டுமே. 170 மீட்டர் தள்ளியுள்ள கொழாவின் ஒலி அரை விநாடி தாமதம். நடுவில் நிற்பவனுக்குப் 'பெருமக்களே... மக்களே... களே' என்று கேட்டது இப்படித்தான். அதாவது அந்த எக்கோ மெய்யான தூரத்திலிருந்து வந்தது. ஊர் எவ்வளவு நீளம் என்பதன் அளவு அது. பல குரல் கலைஞர்கள் மேடையில் தலைவர்களைப் போலப் பேசும்போது இந்தக் 'களே களே'யையும் சேர்த்தே செய்தார்கள். அப்புறம் மிக்ஸரில் பொத்தான் வந்தது. ஒரே பெட்டி, முப்பது பேர் கூட்டம், அதற்கு மூன்று தெருவின் எக்கோ. வராத ஜனத்தையும் இல்லாத ஊரையும் பொத்தானே கொடுத்துவிடுகிறது. எங்கிருந்தும் வருகிற குரல், யாருடையது என்று கைகாட்ட முடியாத குரல். அதிகாரம் தன்னைப் பற்றிக் காணும் கனவும் அதுதான்.

இந்த இடத்தில் நம் ஊர்களின் இன்னொரு தூரத்தைப் பேசாமல் நகர முடியாது. ஊருக்கும் காலனிக்கும் இடையில் உள்ள தூரம் ஒலிக்கூடத்தில் செய்தது அல்ல. அதை அளந்து வைத்தவர்கள் வேறு. பறை ஒலியை ஊர் தலைமுறை தலைமுறையாகத் தூரத்தில் வைத்துக் கேட்டது. சாவுச் செய்தி அதில் வந்தது. உடல் நுழையக்கூடாத தெருவுக்குள் ஒலி நுழைந்தது, நுழைய வேண்டும் என்பது கட்டளையாகவும் இருந்தது. மறுபக்கம், பல ஊர்களில் கோயில் கொழாக்கள் விடியலில் காலனியின் உறக்கத்துக்குள் போய் இறங்கும். காலனியின் கொழா ஊர்ப்பக்கம் திரும்பினால் அது பிரச்சினை. இரவு பத்து மணிக்கு மேல் காலை ஆறு மணிவரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன, 2005இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஆனால் சட்டம் டெசிபெல்லை அளக்கும். கொழா எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதை அளக்காது. பறையைச் சாதித் தொழிலாக அடிக்க மறுத்தவர்களும், அதையே விடுதலையின் கலையாக மேடையேற்றியவர்களும் தத்தம் வழியில் மாற்றியது இந்தத் தூரத்தைத்தான். மேடைப் பறைக்கு எக்கோ தேவைப்படுவதில்லை. அது நெஞ்சுக்கு எதிரே நின்று அடிக்கப்படுகிறது. சினிமா அதைக் குத்துப்பாட்டுக்குள் எடுத்துக்கொண்டதும் அதற்கு ஓர் அரங்கத்தின் முழக்கத்தைப் பூசியது தற்செயலா என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

அப்படியானால் வெட்டவெளி உண்மையில் எப்படி ஒலிக்கும்? பதில் நம்மிடம் பழையதாகவே இருக்கிறது. குறுந்தொகையில் ஒக்கூர் மாசாத்தியாரின் முல்லைப்பாட்டு ஒன்றில், மாலை நேரத்தில் பாறை மேட்டில் ஏறிப் பார்ப்போம் வா என்று தோழியைக் கூப்பிடுகிறாள். கேட்பது வீடு திரும்பும் மாட்டின் மணியா, அவன் தேரின் மணியா என்று தெரியவில்லை. இந்தத் தெரியாமைதான் தூரம். பக்கத்து மணிக்கு ஐயம் இல்லை. எதிரொலிக்கும் ஐயம் இல்லை, அது நம் குரல் என்று நமக்குத் தெரியும். தூரத்து ஒலியோ இன்னொருவருடையது, சன்னமானது, இன்னதென்று அறுதியிட முடியாதது. பிரெஞ்சுக்காரர் மிஷேல் ஷியோன், திரைச்சட்டகத்துக்கு வெளியே ஒலிகள் எவ்வளவு தொலைவுவரை விரிகின்றன என்பதை 'நீட்சி' என்ற கருத்தாக 1990இல் எழுதினார். கனடாவின் மரே ஷாஃபர், பக்கத்து இரைச்சல் குறைவாக இருக்கும் இடத்தில்தான் காதுக்கு அடிவானம் உண்டு என்று 1977இல் எழுதினார். மாசாத்தியார் அந்தக் காதோடுதான் மேட்டில் ஏறச் சொல்கிறார். (முல்லை, குறிஞ்சி என்று நிலத்தையே இலக்கணமாக்கிய மரபில் அந்தந்த நிலத்தின் ஒலியை யாராவது உட்கார்ந்து தொகுத்தால் நல்லது.)

எங்கள் சிறு நாடகக் குழு கூலி ஆட்கள் பற்றிய ஒரு நாடகத்தை ஒலிவடிவில் பதிவு செய்தபோது இதை வைத்தே வேலை செய்தோம். கொல்லையின் அந்தக் கோடியிலிருந்து ஒருத்தி தன் மகனைக் கூப்பிட வேண்டும். ஒலிப்பதிவாளர் வழக்கம்போல எக்கோ வைத்தார். அவள் கிணற்றுக்குள் விழுந்துவிட்டவள் மாதிரி இருந்தாள். எக்கோவை எடுத்தோம். அவளை மைக்கிலிருந்து விலகி நின்று நிஜமாகவே கத்தச் சொன்னோம், மெதுவாகப் பேசிய குரலைக் குறைத்து வைத்தால் அது தூரம் ஆகாது, பக்கத்தில் நிற்கும் பலவீனம்தான் ஆகும். பிறகு குரலின் கூர்மையைக் கொஞ்சம் வெட்டினோம். முக்கியமான காரியம் மற்றது: குரலுக்கு முன்னால் பத்து விநாடி ஒன்றுமே பேசாமல் விட்டு, ராத்திரி நாங்களே போய்ப் பதிவு செய்த ஒலிகளை அதில் வைத்தோம். ராயக்கோட்டைப் பக்கம் மேடேறுகிற ரயிலின் ஹாரன், எங்கோ ஒரு பம்புசெட், அதற்கும் அப்பால் நாய். ராத்திரியில் தரை குளிர்ந்து மேற்காற்று சூடாக இருந்தால் ஒலி கீழ்நோக்கி வளைந்து நெடுந்தூரம் வரும். பகலில் கேட்காத ரயில் அப்போது வாசல்வரை வரும். அந்தப் பம்புசெட் கேட்குமளவுக்கு மௌனம் இருந்தால் போதும், கேட்பவர் மனசுக்குள் கொல்லை தானாக விரிகிறது. பக்கத்தில் ஒரு செருப்புச் சத்தமும் வேண்டியிருந்தது. அண்மை இல்லாமல் தொலைவு இல்லை.

இன்றைய கருவிகள் இதற்கு எதிர்த்திசையில் போகின்றன. செல்பேசிக்குள் இருக்கும் இரைச்சல் நீக்கி, வாய்க்குப் பக்கத்துக் குரலை வைத்துக்கொண்டு தொலைவில் உள்ளதையெல்லாம் குப்பை என்று கழித்துவிடுகிறது. எங்கள் பகுதியிலிருந்து கட்டட வேலைக்குப் பெங்களூர் போனவர்கள் ராத்திரி வீட்டுக்குப் பேசுகிறார்கள். முன்பு எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசியபோது பின்னால் பஸ் போகும், டீக்கடைக்காரர் கத்துவார், பக்கத்தில் யாரோ சிரிப்பார்கள். சாரத்துக்குக் கீழே படுத்திருக்கிறானா, ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கிறானா என்று அம்மாக்காரி அதிலிருந்தே ஊகித்துக்கொள்வாள். இப்போது குரல் மட்டும் சுத்தமாக, காதுக்குள்ளேயே, எந்த இடமும் இல்லாமல் வருகிறது. அதனால் அவள் எடுத்ததும் கேட்கிற முதல் கேள்வி, "எங்கடா இருக்கற?"