வணிகம் பிடித்த வாள் – 6: டெல்லி தந்த வரிவிலக்கு

1715 ஜூலையில் கல்கத்தாவிலிருந்து ஒரு தூதுக்குழு டெல்லி வந்து சேர்ந்தது. அனுப்பியது கிழக்கிந்தியக் கம்பெனி. தலைவர் ஜான் சர்மன். பேச்சுவார்த்தைக்கு உதவ, அரசவை நடைமுறை அறிந்த ஆர்மீனிய வணிகர் குவாஜா சர்ஹத் உடன் வந்தார். சுமார் 30,000 பவுண்டு மதிப்புள்ள பரிசுப் பொருட்களும் வந்தன. ஔரங்கசீப் மறைந்து எட்டு வருடம்தான் ஆகியிருந்தது. அதற்குள் அரியணைக்காகப் பல போர்கள் நடந்துவிட்டன. செங்கோட்டையில் பாதுஷாவாக இருந்தவர் ஃபரூக்சியர். அவரை அரியணையில் ஏற்றிய சையது சகோதரர்களின் கையில்தான் உண்மையான அதிகாரம் இருந்தது.

கம்பெனியின் முக்கியக் கோரிக்கை, சுங்கம் கட்டாமல் வியாபாரம் செய்யும் உரிமை.

இந்தக் கோரிக்கையின் வேர் லண்டனில் இருக்கிறது. ஒரு நாட்டின் பலம் அதன் கஜானாவில் குவியும் பொன்னிலும் வெள்ளியிலும் இருக்கிறது; விற்பது பெருக வேண்டும், வாங்குவது சுருங்க வேண்டும் என்று அன்றைய ஐரோப்பிய அரசுகள் நம்பின. இந்தியாவிடம் அந்தக் கணக்கு பலிக்கவில்லை. வங்காள மஸ்லினும் சோழமண்டலக் கரையின் வண்ணத் துணிகளும் ஐரோப்பாவில் பறந்தன. இங்கிலாந்தின் கம்பளித் துணியை இந்த வெயிலில் வாங்க ஆளில்லை. துணிக்கு ஈடாகக் கப்பல் கப்பலாக வெள்ளி வந்து இறங்கியது. கம்பளி நெசவாளர்கள் கொதித்தெழ, இந்திய அச்சுத் துணிகளை உள்நாட்டில் விற்கக் கூடாதென்று 1700-இல் இங்கிலாந்து சட்டம் போட்டது. தன் வாசலை இப்படி அடைத்த நாட்டின் கம்பெனிதான், அடுத்த வீட்டு வாசல் காவலின்றித் திறந்திருக்க வேண்டும் என்று டெல்லியில் மனுப் போட்டது.

மனு லேசில் நகரவில்லை. அதிகாரிகளுக்குக் கைநிறையக் கொடுக்க வேண்டியிருந்தது. கொடுத்த பிறகும் காத்திருக்க வேண்டியிருந்தது. இதற்கிடையே, ஜோத்பூர் அரசர் அஜித் சிங்கின் மகளை மணக்கவிருந்த பாதுஷா நோயில் விழுந்தார். தூதுக்குழுவின் அறுவை மருத்துவர் வில்லியம் ஹாமில்டன் அவரைக் குணப்படுத்தினார். 1715 டிசம்பரில் திருமணம் நடந்தது. ஹாமில்டனுக்கு யானை, குதிரை, வைர மோதிரங்கள், 5,000 ரூபாய் எல்லாம் கிடைத்தன. அவருடைய அறுவைக் கருவிகளைப் போலவே தங்கத்தில் செய்தும் கொடுத்தார்கள்.

ஒரு மருத்துவர் தனக்கென எதுவும் கேட்காமல் தேசத்துக்காக வரிவிலக்கு கேட்டார், பாதுஷா மனமுருகிக் கொடுத்தார் என்று பின்னாளில் ஒரு கதை வளர்ந்தது. தேதிகள் அதற்கு இடம் தரவில்லை. வைத்தியம் முடிந்து ஏறக்குறைய ஒரு வருடம் கழித்துத்தான் ஃபர்மான் (அரசாணை) முடிவானது. சூரத்திலிருந்து கம்பெனி கடையைக் கட்டப்போகிறது என்ற பேச்சும், அதனால் துறைமுக வருமானம் போய்விடுமோ என்ற அச்சமும் காரியத்தை நகர்த்தின.

1717-இல் கம்பெனியின் கைக்கு வந்த ஃபர்மான்கள் சொன்னது இதுதான்: வங்காளத்தில் வருடத்துக்கு 3,000 ரூபாய் கட்டினால் போதும், சுங்கம் கிடையாது. சூரத்தில் வருடத்துக்கு 10,000 ரூபாய். கல்கத்தாவைச் சுற்றி 38 கிராமங்களை வாங்கிக்கொள்ளலாம். பம்பாயில் அச்சடித்த நாணயம் மொகலாய நாடெங்கும் செல்லும். சென்னைவாசிகளுக்கும் இதில் பங்குண்டு. திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தாங்காடு ஆகிய ஐந்து ஊர்களின் மேல் கம்பெனி கொண்டாடிவந்த உரிமை அப்போதுதான் உறுதிப்பட்டது.

வங்காளத்தை ஆண்ட முர்ஷித் குலி கானுக்கு இதன் ஆபத்து உடனே புரிந்தது. 38 கிராமங்களை விற்க அவர் விடவில்லை. தன் நாணயச் சாலையையும் கம்பெனிக்குத் திறந்துவிடவில்லை. ஆனாலும் சுங்க விலக்கை அவரால் நீக்க முடியவில்லை.

நடைமுறையில் அது எப்படி வேலை செய்தது? கல்கத்தா கவர்னர் கையெழுத்திட்ட ‘தஸ்தக்’ என்ற சீட்டைக் காட்டினால் ஆற்றோரச் சுங்கச் சாவடியில் படகை நிறுத்த மாட்டார்கள். பின்னால் வரும் உள்ளூர் வியாபாரியின் படகை நிறுத்துவார்கள், மூட்டைகளை எண்ணுவார்கள், பணம் கட்டிய பிறகே விடுவார்கள். அடுத்த சாவடியிலும் அதே கதை. ஏற்றுமதி, இறக்குமதிச் சரக்குக்காகக் கம்பெனிக்குக் கிடைத்த சலுகையை, கம்பெனி ஊழியர்கள் தங்கள் சொந்த வியாபாரத்துக்கும் பயன்படுத்தினார்கள். பிளாசிப் போரில் கம்பெனி வென்ற பிறகு உப்பு, பாக்கு, புகையிலை என்று உள்நாட்டுச் சரக்கு முழுக்க அந்தச் சீட்டின் நிழலில் ஓடியது. சீட்டையே காசுக்கு விற்றவர்களும் உண்டு.

வங்காள நவாப் மீர் காசிம் 1762-இல் கவர்னருக்குக் கடிதம் எழுதினார். கம்பெனி ஆட்கள் குடியானவர்களிடமும் வியாபாரிகளிடமும் கால் விலைக்குப் பொருளைப் பிடுங்குகிறார்கள், ஒரு ரூபாய்ச் சரக்கை ஐந்து ரூபாய்க்கு அவர்கள் தலையில் கட்டுகிறார்கள் என்பது அவருடைய புகார். கவர்னர் வான்சிட்டார்ட் ஒரு சமரசத்துக்கு வந்தார்: கம்பெனி ஊழியர்களின் சொந்தச் சரக்குக்கு 9 சதவிகிதம் சுங்கம். உள்ளூர் வியாபாரி கட்டியதோடு ஒப்பிட்டால் அது சொற்பம். கம்பெனியின் கல்கத்தா கவுன்சில் அதையும் தூக்கி எறிந்தது.

1763-இல் மீர் காசிம் துணிந்து ஒரு காரியம் செய்தார். எல்லோருக்கும் சுங்கத்தையே ரத்து செய்தார். இனி உள்ளூர் வியாபாரியும் ஆங்கிலேயரும் ஒரே தட்டில். அவருடைய சொந்த வருமானம்தான் இதில் அடிபட்டது. கம்பெனியின் மேல் ஒரு காசு வரிகூட விழவில்லை. அப்படியும் கவுன்சில் அதை ஏற்கவில்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது வரியில்லா வியாபாரம் அல்ல. மற்றவன் வரி கட்டும் இடத்தில் தான் மட்டும் கட்டாத வியாபாரம். அதற்காகவே போர் மூண்டது.

1764 அக்டோபர் 22-இல் பக்சாரில் மீர் காசிமும், அவத் நவாப் ஷூஜா உத் தௌலாவும், பாதுஷா இரண்டாம் ஷா ஆலமும் சேர்ந்த அணி தோற்றது. 1765 ஆகஸ்ட் 12-இல், டெல்லிக்குத் திரும்ப முடியாமல் வெளியே தங்கியிருந்த பாதுஷா, வங்காளம், பீகார், ஒரிசாவின் வரி வசூல் உரிமையைக் கம்பெனிக்குக் கொடுத்தார். பதிலுக்கு அவருக்கு வருடம் 26 லட்சம் ரூபாய். 48 வருடங்களுக்கு முன் வரிவிலக்கு வாங்கிய கம்பெனி இப்போது வரி வசூலிக்கும் நிலைக்கு வந்தது.

லண்டனின் பழைய கவலையும் அன்றோடு தீர்ந்தது. துணி வாங்க வங்காளத்துக்கு வெள்ளி அனுப்ப வேண்டிய தேவை அநேகமாக மறைந்துவிட்டது. வங்காளக் குடியானவன் கட்டிய வரியிலிருந்தே வங்காள நெசவாளிக்குக் கூலி கொடுத்து, துணியைக் கப்பலேற்றினார்கள். 1770-இல் வங்காளத்தைப் பஞ்சம் சூறையாடியபோதும் வசூல் நிற்கவில்லை. அப்படியும் கம்பெனி கடனில் மூழ்கியது. அதைக் கைதூக்கிவிட 1773-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தேயிலைச் சட்டம் இயற்றியது. அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்தில் கம்பெனியின் 342 தேயிலைப் பெட்டிகள் கடலுக்குள் போயின. வங்காளத்து வியாபாரிக்குக் கிடைக்காத வெற்றி பாஸ்டன்காரர்களுக்கு எப்படிக் கிடைத்தது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)